மன்னிப்பு என்று எழுதியவள்

நாடக அரங்கின் வாசலில் நின்று அவள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். பரிசு வாங்கும் நாளில் யார் போன் செய்தாலும் வாழ்த்தத்தான் செய்வார்கள் என்ற தைரியத்தில் எடுத்துவிட்டாள்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன், அவர் மனைவி எல்லோருக்கும் அண்ணி. குழுவை நடத்துவதும் அவர்தான், முக்கிய வேஷம் கட்டுவதும் அவர்தான். அவர்கள் ஒத்திகைக் கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு வருஷக்கணக்காக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவள் இவள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஒரு கேள்வி கேட்கமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். அதனால் குழுவில் அவளுக்கு மூலைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்னம்மா மூலைக்காரி, பரிசு கைக்கு வந்தாச்சா?"

"இனிமேதாண்ணே. உங்க கால் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, தலகாணி மேல சொகுசா படுத்திருக்கு. நான்தான் அதுக்குக் காவல். சரி, அதை விடு. உன் ஆராய்ச்சியை இப்பதான் படிச்சு முடிச்சேன். படுத்துக் கெடக்கிறவனுக்கு வேற என்ன வேலை? நல்லா எழுதியிருக்கே. ஆனா அந்த நாலாவது அத்தியாயம் இருக்கே, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு."

நாலாவது அத்தியாயத்துக்குத்தான் பரிசே கிடைத்திருக்கிறது. அவளுக்குச் சுருக்கென்றது.

"அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"என் கையில அவ தட்டுறது மன்னிப்பா? நல்லா விட்டே போ! அது 'போதும், விடு'ன்னு சொல்றதும்மா. தொண்டையில ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் அவளுக்குக் கொஞ்சம் அழுத்தினாலே மூச்சு நின்னுடும். அதனால தாங்குற வரைக்கும் தாங்கிட்டுத் தட்டுவா. தட்டின உடனே நான் விரலை எடுத்துடுவேன். அப்புறம் கையை மட்டும் முறுக்கி முறுக்கிக் காட்டுவேன், பாக்குறவனுக்கு இறுக்குற மாதிரி இருக்கும். நீயும் பாத்து ஏமாந்துட்டே!"

அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு, இன்று அந்த வேஷம் கட்டப்போகிற தன் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது.

அந்தக் காட்சி இதுதான். கணவன் மனைவியை மேசையோடு சாய்த்து இரண்டு கையாலும் கழுத்தை நெரிக்கிறான். அவள் திமிறுகிறாள். பிறகு திமிறல் அடங்கி, அவள் வலது கை அவன் முன்கையில் இரண்டு தடவை மெல்லத் தட்டுகிறது. அழுகிற குழந்தையின் முதுகில் தட்டுவதைப்போலத் தட்டுகிறது. அப்புறம் அவள் சாகிறாள். முந்தைய வருஷங்களில் அந்தத் தட்டல் கிடையாது. புதிதாக வந்தது. மூலைக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நடிகை வருஷக்கணக்காக ஒரு பாத்திரத்தில் ஊறி ஊறிக் கடைசியில் கண்டெடுத்த சைகை அது என்றும், கொல்கிறவனைச் சாகிறவள் மன்னிக்கிறாள் என்றும், அந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல்தான் அவன் கைகள் முன்னிலும் அதிகமாக இறுகுகின்றன என்றும் பக்கம் பக்கமாக எழுதினாள்.

அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது அவளுடைய பேராசிரியரின் கட்டளை. நடிகர்களைக் கேட்டால் கதை விடுவார்கள், உடம்பு கதை விடாது, அதனால் பார், கேட்காதே என்பார் அவர். அந்தத் துறையில் அதற்கு ஒரு பெரிய பெயரும் உண்டு, அதை வைத்துத்தான் அவர் மாநாடு மாநாடாகச் சுற்றி வந்தார். இவளும் வாயைத் தைத்துக்கொண்டு பார்த்தாள். அறுவை சிகிச்சைக்காக அண்ணி இரண்டு மாதம் வராமல் இருந்ததைக்கூட, நடிகை தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்ட காலம் என்று எழுதி வைத்திருந்தாள் புண்ணியவதி.

இன்று அண்ணன் இல்லை. மாடிப்படியில் காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். பரிசளிப்பு விழாவில் அந்தக் காட்சியை நடித்துக் காட்டியே ஆகவேண்டும் என்று நடுவர் குழு சொன்னபோது, என் தம்பி செய்வான் என்று முந்திக்கொண்டு சொன்னவள் இவள்தான். தம்பி தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். நாடகம் என்றால் உயிர், ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களைத் தாண்டி மேடை ஏறியதில்லை. "எல்லாம் தெரிஞ்சவன், அண்ணி" என்று கூசாமல் சொல்லிவைத்தாள். கதவு செய்யச் சொல்லி யார் எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் அதில் இருப்பதை அப்படியே செய்வான் தம்பி, ஒரு நூல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இந்த வேஷத்துக்கு அவனுக்குக் கிடைத்த வரைபடம் அக்காவின் நாலாவது அத்தியாயம்.

"அண்ணே," என்றாள். "தட்டினா விடணும்னு அண்ணி தம்பிகிட்ட சொல்லியிருப்பாங்கல்ல?"

"இதை யாராவது வாயால சொல்லிக் கொடுப்பாங்களாம்மா? மேடை ஏறுறவன் எல்லாருக்கும் தெரியுமே. எங்க குழுவுல டீ வாங்கிட்டு வர்றவனுக்குக்கூடத் தெரியும். ஏன் கேக்குறே?"

உடனே சொல்லியிருந்தால் அவர் அங்கிருந்தே நாலு பேருக்குப் போன் போட்டிருப்பார். ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போன மனிதரிடம் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

"ஒண்ணுமில்லண்ணே. அப்புறம் கூப்பிடுறேன்."

தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். அண்ணிக்குப் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நேற்றைய ஒத்திகையை நினைத்துப் பார்த்தாள். அண்ணி மேசையில் சாய்ந்தாள், தம்பி கழுத்துக்கு ஒரு சாண் தள்ளியே கைகளை வைத்துக்கொண்டான். பெரியவர்களைத் தொடக் கூச்சம். "நாளைக்கு மேடையில சரியா பிடிச்சுக்கிறேன், அண்ணி" என்றான். "பரவால்லப்பா, எனக்குப் பழக்கம்தானே, நீ நல்லாவே பிடி" என்று அண்ணி சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த இவளும் சிரித்தாள்.

காபிக் கோப்பையை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. பக்கவாட்டு நடைவழியில் வேகமாக நடந்து மேடைக்குப் பின்னால் போகும் கதவுக்கு வந்தாள். சாம்பல் நிற இரும்புக் கதவு. அதன் முன்னால் நாற்காலி போட்டு மணிக்காரர் உட்கார்ந்திருந்தார். அரங்கத்தின் நிர்வாகி அவர், மணி அடிப்பதும் திரை தூக்குவதும் அவர் பொறுப்பு.

"உள்ள போகணும். ஒரே ஒரு நிமிஷம்."

"ரெண்டாவது மணி அடிச்சாச்சும்மா."

"காட்சிக்கு இன்னும் நேரம் இருக்கே? முதல்ல வரவேற்பு, அப்புறம் உரை…"

"எல்லாம் மாத்தியாச்சு. தலைமை நடுவர் அம்மாவுக்கு விமானத்துக்கு நேரமாச்சாம். அவங்க பேசினதும் உடனே காட்சி. நடிக்கிற அம்மா மேசைகிட்ட போய் நின்னாச்சு. உங்க தம்பி இருட்டுல கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறான். இப்ப யாரும் அவங்ககிட்ட பேசக்கூடாது. நீங்களே எழுதியிருக்கீங்களே, இந்த ஒழுங்கு இருக்கிற அரங்கம் அபூர்வம்னு. சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், பாத்தீங்களா?"

கதவுக்கு மேலே உண்மையிலேயே மாட்டியிருந்தது. அவள் வாக்கியம், அவள் பெயர், கண்ணாடிச் சட்டம். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"அப்ப நீங்களாவது சொல்லுங்க. அண்ணி தட்டினா கையை எடுத்துடணும்னு தம்பிகிட்ட சொல்லணும். ரொம்ப முக்கியம்."

மணிக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பரிசு வாங்கப்போகிறவர்கள் கடைசி நிமிடத்தில் இப்படிப் படபடப்பதை அவர் நிறையப் பார்த்தவர்.

"தட்டுறதுதானேம்மா? அந்தத் தம்பி காலையிலேருந்து அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கான். அதெல்லாம் மறக்கமாட்டான். நீங்க போய் நிம்மதியா உக்காருங்க."

அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் விழுந்தது. பேராசிரியர்.

"இங்க என்ன பண்றே? உன்னை எல்லா இடத்துலயும் தேடுறாங்க. வா, வா."

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நாலாவது அத்தியாயம்…"

"எழுத்துப்பிழையா? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துக்கலாம்."

அவர் அவளை நடத்திக்கொண்டே போனார். நடக்க நடக்கப் பேசினார். அச்சில் வந்ததும் நாடகம் சொல்லித்தருகிற எல்லாக் கல்லூரிகளுக்கும் அது போகிறதாம். ஆராய்ச்சி நிதியில் ஒரு பயிற்சித் திட்டமே வருகிறதாம். ஊர் ஊராக மாணவர்கள் இந்தக் காட்சியை அவள் எழுதியபடியே நடித்துப் பழகுவார்களாம். துறையில் அவளுக்கு நிரந்தர வேலை உறுதியாகிவிட்டதாம், வெளியே சொல்ல வேண்டாமாம். ஊர் ஊராக என்றபோது அவளுக்கு ஊர் ஊராகக் கழுத்துகள்தான் தெரிந்தன.

"சார், நிஜமாவே…"

"அப்புறம் சொல்லு. எல்லாரும் பாக்குறாங்க."

எல்லோரும் பார்க்கத்தான் பார்த்தார்கள். முதல் வரிசையில் அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பேராசிரியர், மறுபக்கம் அம்மா. அம்மா அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை ஏண்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு? உன் தம்பியைப் பாரு, சோறு தண்ணி இல்லாம உன் புத்தகத்தையே கட்டிக்கிட்டு அழுதான். உன் மானத்தைக் காப்பாத்திடுவான், பயப்படாதே."

அவள் பயந்தது எதற்கு என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். தலைமை நடுவர் மைக் முன்னால் வந்துவிட்டார். அரங்கம் அமைதியானது. அந்த அமைதியில் ஒரு வார்த்தை பேசினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். பேசத்தான் வேண்டும், கேட்கத்தான் வேண்டும், ஆனாலும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். அண்ணி சமாளித்துவிடுவாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தம்பி முரடன் இல்லை, நாய்க்குட்டியைக்கூட அழுத்திப் பிடிக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டாள். பட்டறையில் தேக்குச் சட்டத்தை இடுக்கியில் வைத்து அவன் இறுக்குகிற கைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்," என்றார் தலைமை நடுவர். "அந்தத் தட்டல் வரும்போது கண் இமைக்காமல் பாருங்கள். நாம் எல்லோரும் இந்த நாடகத்தை முன்பே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கையை நாம் பார்த்ததில்லை. பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். மூன்றாவது மணி அடித்தது. திரை மேலேறியது.

மேசை, விளக்கு, அண்ணி. கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தாள், தழும்பு தெரியாமல் இருக்க. அதையும் மூலைக்காரி எழுதியிருந்தாள், உடை வழியாகச் சிறைப்பட்டிருப்பதைச் சொல்லும் உத்தி என்று. தம்பி உள்ளே வந்தான். நன்றாகத்தான் நடித்தான், கடங்காரன். குரல் கம்மியது, கண் சிவந்தது. இவன் என் வீட்டில் வளர்ந்தவன்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. கேள்விகள் கேட்டான், அண்ணி பதில் சொன்னாள், ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அடி கிட்டே வந்தான்.

பிறகு கைகள் கழுத்துக்குப் போயின.

அண்ணி திமிறினாள். அது நடிப்புத் திமிறல், மூலைக்காரிக்கு ஒவ்வோர் அசைவும் மனப்பாடம். தோள் திரும்பும், முழங்கை மேசையில் இடிக்கும், தலை இடப்பக்கம் சாயும். எல்லாம் வந்தன. அப்புறம் வலது கை எழுந்து தம்பியின் முன்கையில் இரண்டு தடவை தட்டியது.

அரங்கமே ஒரு பெருமூச்சு விட்டது. "இதுதானே நீ எழுதினது?" என்று அம்மா காதில் கிசுகிசுத்தாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

தம்பியின் கைகள் இறுகின.

அண்ணி மறுபடி தட்டினாள். இப்போது மெல்ல இல்லை. மறுபடியும் தட்டினாள். இது அவள் பார்த்த எந்த நாளிலும் இல்லாதது, எந்தப் பக்கத்திலும் அவள் எழுதாதது. "அடேயப்பா" என்று யாரோ பின்வரிசையில் வியந்தார்கள். அண்ணியின் கால் மேசைக்காலை உதைத்தது, செருப்பு கழன்று உருண்டது. கண்கள் விளக்கைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை, முதல் வரிசையில் இருந்த இவளைத் தேடிப் பார்த்தன.

"விடுடா!"

அது தன் குரல் என்று தெரிவதற்குள் அவள் எழுந்திருந்தாள். "விடுடா, கையை எடுடா!" தம்பி திரும்பவில்லை. பார்வையாளர்கள் என்ன கத்தினாலும் திரும்பக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பேராசிரியர் அவள் முழங்கையைப் பிடித்தார். உதறினாள். படி எங்கே என்று தேடாமல் மேடை விளிம்பில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஏறினாள், ஓடினாள், அவன் கட்டைவிரலைப் பிடித்து அதன் போக்குக்கு எதிராக முழுப் பலத்தோடு மடக்கினாள். அவன் வலியில் கத்திக்கொண்டு விட்டான்.

அண்ணி மேசையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தாள். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு கணத்தில் மூலைக்காரி செத்துப் பிழைத்தாள். பிறகு, கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதைப்போல ஒரு சத்தத்தோடு அண்ணிக்குள் காற்று போனது. இருமினாள். திரும்பவும் இழுத்தாள். உயிர் இருந்தது. கழுத்துத் துணியை இவள் அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள்.

"டாக்டர் யாராவது இருந்தா வாங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அப்போதுதான் கைதட்டல் தொடங்கியது.

முதலில் ஒருவர், பிறகு ஒரு வரிசை, பிறகு அரங்கம் முழுக்க. எழுந்து நின்று தட்டினார்கள். அம்மாவும் நின்று தட்டினாள், கண்ணில் நீரோடு. தலைமை நடுவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டே மேடைக்கு ஏறி வந்தார்.

"ஆய்வாளரே காட்சிக்குள் நுழைந்து கொலையைத் தடுக்கிறார்! ஆராய்ச்சி வேறு, அரங்கம் வேறு என்ற சுவர் இன்று உடைந்தது. இதைவிட இந்தப் பரிசுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?"

கேடயத்தை அவள் பக்கம் நீட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த அவள் அதை வாங்காமல் மைக்கைப் பிடுங்கினாள்.

"இது நாடகம் இல்ல. அவங்களுக்கு மூச்சு நின்னுபோச்சு. நான் எழுதினது தப்பு. அது மன்னிப்பு இல்ல, கையை விடுன்னு கெஞ்சுறது. தப்பா எழுதிட்டேன். யாரும் அதை அச்சடிக்காதீங்க. யாரும் அதைப் பாத்து நடிக்காதீங்க."

கைதட்டல் இன்னும் பெரிதானது. "பிரமாதம்!" என்று ஒரு குரல் கேட்டது. பேராசிரியர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அவள் உண்மையைச் சொல்வதுகூடக் காட்சியின் அடுத்த பகுதி. என்ன சொன்னாலும் தட்டுவார்கள் என்று புரிந்தபோது, மணிக்காரர் கதவை மறித்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் அவளுக்கு வந்தது. ஒருவர்கூட ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை.

பக்கத்தில் தம்பி முழங்காலிட்டிருந்தான். மடங்கிய கட்டைவிரல் வீங்கத் தொடங்கியிருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை. அண்ணியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவனுடைய பத்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவன் முகத்தில் வேஷம் இல்லை. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அக்காவிடம் வந்து நிற்கிற அதே முகம்.

"அக்கா," என்றான். அவள் கையிலிருந்த மைக் அவன் வாய்க்குக் கிட்டத்தில் இருந்தது. "நீதானக்கா எழுதியிருந்தே. தட்டினா இன்னும் இறுக்கணும்னு."

அவன் விசும்பியது அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் கைகள் நின்றன, பிறகு பின்னால் நின்றன, கடைசியாக மாடியில் ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நிறுத்தினார். யாரோ போனை எடுத்து ஆம்புலன்ஸ் என்று சொல்வது கேட்டது. அண்ணி இருமலுக்கு நடுவே கையை நீட்டித் தம்பியின் தோளைத் தொட்டாள்.

"ஆமாண்டா," என்றாள் மூலைக்காரி. "நான்தான் எழுதினேன்."